முந்நூறு டாலருக்கு நாணயம்

டெல்மர் ஹ்ருஷ்காவுக்கு இந்த மாதம்
ஐந்நூற்றுப் பதினொன்று.
ரத்தச் சர்க்கரை அல்ல, கதவிலக்கமும் அல்ல.
டொலீடோ நகர நூலகத்தின் ஓரத்துக் கணினியில்
மாதம் ஒருமுறை எட்டிப் பார்க்கிறான்,
பக்கத்து ஆளுக்குத் தெரியாமல்
திரையைக் கையால் மறைத்தபடி.

பதினாறு வருடம் அவன் தொழில்
தவணை தவறியவர்களின் வண்டிகளை
இரவோடிரவாக இழுத்துவருவது.
இரண்டு மணிக்கு விளக்கணைத்து வந்து
கொக்கி மாட்டுவான்.
பின்னிருக்கையில் குழந்தை நாற்காலி இருந்தால் மட்டும்
கழற்றி வாசற்படியில் வைத்துவிட்டுப் போவான்.
எந்த விதியும் அப்படிச் சொல்லவில்லை.
“பெரிய புண்ணியம்தான்” என்பாள் ரோவீனா.

பிறகு முதுகு போனது.
மருத்துவமனை ரசீது தொண்ணூறாயிரத்துக்குச் சில்லறை குறைவு.
ஓர் அட்டையின் கடனை இன்னோர் அட்டையால் அடைத்தான்,
அதை மூன்றாவதால்.
ஒரு விடியலில் அவன் வண்டி நின்ற இடத்தில்
பனி பெய்யாத செவ்வகம் ஒன்று கிடந்தது.
வந்தவன் பின்னிருக்கையைப் பார்க்கவில்லை போலும்.
கருவிப்பெட்டியும் அதோடு போயிற்று.

நாம் மஞ்சள் கடுதாசி என்போம்.
அங்கே அது வெள்ளைத் தாள், நாற்பத்தேழு பக்கம்.
நீதிமன்றம் நியமித்த பொறுப்பாளருக்கு ஜலதோஷம்.
படகு உண்டா?
இல்லை.
நகை?
மோதிரம், இதுதான்.
யாராவது இறந்தால் சொத்து வருமா?
(ரோவீனா சிரித்துவிட்டாள்.)
உங்களுக்கு யாராவது பாக்கி தரவேண்டுமா?
அங்கே மட்டும் கொஞ்சம் யோசித்தான்.
மொத்தம் நான்கு நிமிடம்.
அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

அதன்பின் தொலைபேசி ஒலிக்கவில்லை.
மிரட்டியவர்களும் கெஞ்சியவர்களும் ஒரே நாளில் ஓய்ந்தார்கள்.
மத்தியான வீடு இவ்வளவு பெரியதா என்றிருந்தது.

இப்போது ஓர் அட்டை.
முந்நூறு டாலரை முன்னதாகக் கட்டினால்
முந்நூறு டாலர்வரை நம்புவார்கள்.
தன் காசைத் தானே கடன் வாங்கி
தேதி தவறாமல் திருப்பிக் கட்டவேண்டும்.
தமிழில் காசுக்கும் நேர்மைக்கும்
நாணயம் என்று ஒரே சொல்.
அவன் மொழியில் இரண்டு,
கவுண்டருக்குப் போனால் அங்கேயும் ஒன்றுதான்.

மாதம் ஒரே செலவு:
ரோவீனாவின் பழைய காருக்கு
இருபத்தாறு டாலர் பெட்ரோல்.
ரசீது சர்க்கரை டப்பாவுக்குள்.

ஒரு ஜனவரியில் அவள் கேட்காமல்
அதே அட்டையில் காலணி வாங்கிவிட்டாள்,
எழுபத்தொன்பது டாலர்.
“முப்பது சதவீதம் தாண்டிட்டே.”
“என் காலும் தாண்டிடுச்சு, ஈரம் தாங்கல.”
அன்றிரவு பேச்சில்லை.
ஒன்பது புள்ளி இறங்கியது.
காலையில் பேருந்து நிறுத்தம் வரைக்கும்
பனியில் புதுக் காலணியின் ஆழமான பற்கள்.
கார் கிளம்பவில்லை என்பதையே
அந்தத் தடத்தைப் பார்த்துத்தான் அறிந்தான்.

ஐந்நூற்று முப்பத்தெட்டு.
ஐந்நூற்று எழுபது.
நடுவில் ஒரு மாதம் காரணமே இல்லாமல் நான்கு குறைந்தது.
அதற்கு யாரிடம் போய்க் கேட்பது?

அறுநூற்று நான்கில்
பழைய டிரக் ஒன்றுக்குக் கடன் கிடைத்தது.
வட்டி பதினேழு.
விற்பவன் பேனாவை நீட்டியபடி நின்றான்,
டெல்மர் நான்காம் பக்கத்தில் நின்றுவிட்டான்.
தவணை தவறினால்,
முன்னறிவிப்பின்றி,
அமைதி குலையாமல்.
பதினாறு வருடம் அவன் செய்ததெல்லாம் இந்த ஒரு வரி.
இப்போதுதான் முதன்முறையாகப் படிக்கிறான்.
கையெழுத்துப் போட்டான்.

அன்றிரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தது.
தெருவில் யாருமில்லை,
எதிர்வீட்டுக் குப்பைத் தொட்டி மட்டும் சாய்ந்திருந்தது.
செருப்போடு இறங்கிப் போய்
டிரக்கின் பின்னிருக்கையிலிருந்து
புதுக் கருவிப்பெட்டியை எடுத்து
வாசற்படியில் வைத்தான்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.
துருப்பிடிக்குமே என்று
பிறகு வீட்டுக்குள் தூக்கிவந்தான்.